பாலாவிச் சந்தியில் ஒரு பாடத்துறை

நம் பாடசாலைகளில் அதிபர் அலுவலகத்துக்கு வெளியே தூரநோக்கும் பணிக்கூற்றும் எழுதிய பலகை ஒன்று தொங்கும். மதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் அதற்குப் புது வர்ணம் பூசப்படும். ஆனால் கற்பித்தலைப் பற்றி அந்தப் பாடசாலை உண்மையில் என்ன நினைக்கிறது என்று அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது நேரசூசியைத்தான். உயர்தர இரசாயனவியலுக்கு இரட்டைப் பாடவேளை இருக்கிறதா? ஆய்வுகூடம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது? ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் சேர்ந்து உட்கார ஒரு பாடவேளையாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா? முதலிரண்டு கேள்விகளுக்கும் ஏதோ ஒரு பதில் கிடைக்கும். மூன்றாவதைக் கேட்டால் அதிபர் சிரிப்பார். பல இடங்களில் ஒரே பாடத்துக்கு இருவரே இல்லை.

பாலாவியை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து வரும் ஏ3 வீதி புத்தளத்தைத் தொடுவதற்குச் சில கிலோமீற்றர் முன்னால் இங்கேதான் கற்பிட்டி வீதி பிரிகிறது. வடக்கே புத்தளம் நகரம், தெற்கே மதுரங்குளி, முந்தல், உடப்பு, கற்பிட்டிப் பக்கம் நுரைச்சோலை, ஆலங்குடா. இந்த வட்டாரம் முழுவதும் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் உள்ளன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். ஊர்ப் பாடசாலைக் கட்டடங்களில் காலையில் ஊர்ப்பிள்ளைகளும் மாலையில் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் படித்த காலம் அது. பிள்ளைகள் பெருகிய வேகத்தில் பௌதிகவியல் ஆசிரியர்கள் பெருகுவதில்லை என்று சொல்ல ஆய்வு எதுவும் தேவையில்லை.

நாட்டின் அரச பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். அவற்றில் விஞ்ஞானப் பிரிவோடு உயர்தரம் நடத்தும் 1ஏபி வகை ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். 1சி வகைப் பாடசாலைகள் கலை, வணிகத்தோடு நிற்கின்றன. நகரத்துக்கு வெளியே 1ஏபி என்று பதிவாகியிருக்கும் சிறிய பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஒருவர், பௌதிகவியலுக்கு ஒருவர், அதோடு சரி. துறையும் அவர்தான், துறைத்தலைவரும் அவர்தான். தவணைக் கூட்டத்தில் தன் துறையின் அறிக்கையைத் தானே வாசித்துத் தானே ஆமோதிப்பார். அவருக்கு இடமாற்றம் வந்தால் துறை முழுவதும் பஸ் ஏறிப் போய்விடும்.

பாடத்துறை என்று ஒன்று எதற்கு? பாடம் தெரிந்திருப்பதும் அந்தப் பாடத்தைப் பிள்ளைக்குப் புரிய வைக்கத் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக வைத்தார். பௌதிகவியல் பட்டதாரிக்கு நியூட்டனின் மூன்றாம் விதி தெரியும். மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் நிறையையும் மேசை அதற்குக் கொடுக்கும் செவ்வன் மறுதாக்கத்தையும் தாக்கமும் மறுதாக்கமுமாகப் பன்னிரண்டாம் தரப் பிள்ளை எழுதும் என்பதும், எந்த உதாரணத்தைக் காட்டினால் அந்தக் குழப்பம் தீரும் என்பதும் வேறொரு அறிவு. அதைப் பல்கலைக்கழகம் தருவதில்லை. வகுப்பில் ஐந்தாறு வருடம் நின்றவரிடம் அது சேரும். அவர் வாய் திறந்து பக்கத்து ஆசிரியரிடம் சொன்னால்தான் பாடசாலைக்கு மிஞ்சும். துறை இருப்பது அதற்காக. ஒருவரே நிற்கும் துறையில் அவர் யாரிடம் சொல்வார்?

நம்மிடம் பொதுவான ஒன்று ஏற்கெனவே உண்டு. வடமேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தவணைப் பரீட்சைத் தாள்களை மாகாணத்துக்கு வெளியே உள்ள பிள்ளைகளும் தேடிப் பயிற்சி செய்கிறார்கள். பெருமைப்படலாம். ஆனால் ஒரே தாளுக்கு விடை எழுதும் மூன்று பாடசாலைப் பிள்ளைகளின் ஆசிரியர்கள் மூவரும் அந்த அலகை எந்த ஒழுங்கில் கற்பித்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. வினாத்தாள் பொது, புள்ளிப் பகுப்பாய்வும் பொது, இடையில் நடக்கும் கற்பித்தல் மட்டும் தனித்தனி. இது தலைகீழ் ஒழுங்கு என்பது நமது கருத்து.

பாலாவியிலேயே கையில் கிடைக்கும் ஒரு பாடத்தைப் பாருங்கள். உயர்தர இரசாயனவியலின் கைத்தொழில் பகுதியில் கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பது வருகிறது. முதல் தாங்கியில் கல்சியம் காபனேற்று படிகிறது, அடுத்ததில் கல்சியம் சல்பேற்று, பிறகு சோடியம் குளோரைட்டு, எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள். பிள்ளைகள் இதை டியூட்டிலிருந்து நான்கு வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நான்கு வரியும் கண்முன்னே நடக்கும் உப்பளத்தைப் பஸ்ஸில் கடந்துதான் அவர்களிற் பலர் பாடசாலைக்கு வருகிறார்கள்.

இதைக் கற்பிக்க ஒரு துறை உட்கார்ந்தால் என்ன பேசும்? முதலாவது, ஏன் அந்த ஒழுங்கு என்பது சமநிலை அலகில் வரும் கரைதிறன் பெருக்கத்தோடு சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு அலகுகள். உப்பைச் சமநிலையோடு சேர்த்து வைக்கலாமா? இரண்டாவது, வாரியெடுத்த உப்பை அளத்தில் மாதக்கணக்கில் குவித்து வைப்பது ஏன்? மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வடிந்துபோகிறது, உப்பு தூய்மையாகிறது. அளத்தில் வேலை செய்பவருக்கு இது தெரியும், ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைக்கே வகுப்பில் அது ஒரு புள்ளிக்குரிய வரி. மூன்றாவது, 2025-இல் மழை உற்பத்தியைக் கெடுத்ததால், நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. அதைப் பொருளியல் ஆசிரியர் நிரம்பல், கேள்வி, விலை என்று எடுத்துக்கொள்வாரா? புவியியல் ஆசிரியர் வடகீழ்ப் பருவமழையோடு சேர்ப்பாரா? இந்தப் பேச்சு நடந்தால் அரை மணி நேரம் போதும். நடக்காவிட்டால் நான்கு வரி நான்கு வரியாகவே இருக்கும்.

யாருக்கும் சொந்தமில்லாத பாடம் ஒன்றும் இருக்கிறது. உயர்தர பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களில் கணிப்பானைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே பத்தின் அடுக்குகளைக் கையாளுவது, மதிப்பிட்டுச் சுருக்குவது, மடக்கையை மனதில் ஓரளவுக்குப் போட்டுப் பார்ப்பது எல்லாம் பரீட்சைக்கான அடிப்படைத் திறன்கள். இவற்றை யார் கற்பிக்கிறார்? சாதாரண தரத்தில் முடிந்துவிட்டது என்கிறார் இரசாயனவியல் ஆசிரியர். உயிரியல் பிரிவுப் பிள்ளை என் வகுப்பிலேயே இல்லையே என்கிறார் இணைந்த கணித ஆசிரியர். இருவரும் சொல்வது சரி. பிஎச் கணக்கில் பிள்ளை விழுவது இருவருக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான். வரைபின் படித்திறனும் இப்படித்தான். பௌதிகவியல் இரண்டாம் தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் செய்முறையை ஒட்டியே வருகின்றன. எந்தக் கணியத்தை எந்த அச்சில் குறித்தால் நேர்கோடு வரும் என்பதே அங்கு பாதிக் கேள்வி. y = mx + c பதினோராம் தரத்தில் தெரிந்த பிள்ளைக்கு ஊசலின் வரைபில் அது அடையாளம் தெரிவதில்லை. கணித ஆசிரியரும் பௌதிகவியல் ஆசிரியரும் ஒரே குறியீடுகளில் ஒரு வாரம் கற்பித்தால் தீரக்கூடிய குறை இது.

டியூஷனைத் திட்டி ஓர் ஆசிரியர் உரை எழுதுவது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. புகழ்பெற்ற டியூஷன் ஆசிரியர் ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் நான்கைந்து ஊர்களில் எடுக்கிறார். முதல் ஊரில் சறுக்கிய உதாரணத்தை இரண்டாம் ஊரில் திருத்துகிறார், நான்காம் ஊருக்குப் போகும்போது பாடம் மெருகேறிவிடுகிறது. பாடசாலை ஆசிரியருக்கு அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, திருத்த அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துப் பாடசாலைக்காரர் போன வாரம் கண்டதை இந்த வாரம் இவருக்குச் சொன்னால் அந்த அனுகூலத்தில் ஒரு பங்கு நமக்கும் வரும். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் மண்டபத்தில் டியூஷன் ஆசிரியரால் செய்யவே முடியாதது செய்முறை. அது நம்மிடம் இருக்கிறது, ஆய்வுகூடச் சாவி யாரிடம் என்ற சர்ச்சை தீர்ந்தால்.

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் பாடசாலைகளில் உலகம் அறிந்த ஒன்று அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸிற்றர் அக்கடமி. 1930-இல் எட்வேட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் கொடுத்த பெருந்தொகையில் அங்கே நீள்வட்ட மேசைகள் வந்தன. மேசையைச் சுற்றி ஏறத்தாழப் பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உட்கார்ந்து உரையாடிக் கற்கிறார்கள். நம் கல்வியியல் கருத்தரங்குகளில் இதை வியந்து பேசுவார்கள். நாற்பது பிள்ளைகள் நெருங்கி உட்காரும் வகுப்பில் அந்த மேசைக்கு இடமில்லை, அதைப் பற்றிக் கனவு காண்பதிலும் பயனில்லை. நமக்குப் பொருந்துவது ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு. சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் கற்பிக்கிறார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். ஆசிரியருக்குப் புள்ளி போடுவது அங்கே நோக்கமல்ல. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதே குறிப்பு. பிறகு உட்கார்ந்து பாடத்தைத் திருத்துகிறார்கள். இதற்கு மேசை வாங்க வேண்டியதில்லை. வகுப்புக்குள் இன்னோர் ஆசிரியர் வருவதை மேற்பார்வை என்று எண்ணி விறைத்துப்போகும் நம் பழக்கம் மாற வேண்டும். அது மேசையைவிடச் சிரமமானது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பாலாவியைச் சுற்றியுள்ள உயர்தரப் பாடசாலைகள் தமக்குள் ஒரு பாடத்துறையை வைத்துக்கொள்ளட்டும். துறை ஒரு பாடசாலையின் மதிலுக்குள் அடங்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. மாதம் ஒருமுறை, ஒரு பாடத்தின் ஆசிரியர்கள், ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் கூடலாம். கடந்தகால வினாத்தாளை அங்கே எடுக்க வேண்டாம், எடுத்தால் கூட்டம் வினாத்தாளோடு முடிந்துவிடும். ஆசிரிய ஆலோசகரை அழைக்கலாம், ஆனால் தலைமை தாங்க அல்ல. கூட்டத்தில் பேசியது ஒரு கொப்பியில் எழுதப்பட வேண்டும். எந்த அலகில் எந்தப் பிழை வந்தது, எந்த உதாரணம் எடுபட்டது, எந்தச் செய்முறை எந்தக் கருவி இல்லாமல் எப்படிச் சமாளிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கொப்பி பாடசாலைக்குச் சொந்தம், ஆசிரியருக்கு அல்ல.

கலைப் பிரிவை மறந்துவிடக் கூடாது. உயர்தரத்தில் மிகப் பெரும் தொகையினர் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் பெரும்பாலும் கொடுப்பது சொல்வதெழுதல்தான். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையமும், கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்ட அறுவைக்காடும் எட்டும் தூரத்தில் இருக்க, சூழல் பிரச்சினைக்கு உதாரணமாக எங்கோ ஒரு நாட்டை எழுதிவைக்கும் புவியியல் குறிப்புகளை நாம் கண்டிருக்கிறோம். ஆங்கில ஆசிரியரும் இந்தக் கூட்டங்களில் உட்கார வேண்டும். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை மருத்துவ பீடத்திலோ பொறியியல் பீடத்திலோ முதல் நாளே ஆங்கில விரிவுரைக்குள் நுழைகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்கிறோம் என்று சொல்லும் பாடசாலைக்கு அந்த முதல் நாளிலும் பொறுப்பு உண்டு.

ஓர் எதிர்ப்பு வரும், நேரடியாகச் சொல்லாவிட்டாலும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் புத்தளம் உட்பட கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டத்துக்குள் போட்டி என்றால் பக்கத்துப் பாடசாலைக்கு நம் பாடக்குறிப்பை ஏன் கொடுக்க வேண்டும்? பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் இந்தக் குரல் ஓங்கி ஒலிக்கும். ஆனால் நம் மாவட்டம் சிலாபம், மாரவில, வென்னப்புவ வரை நீள்கிறது. அங்குள்ள பெரிய சிங்களமொழி மூலப் பாடசாலைகளின் பிள்ளைகளும் இதே ஒதுக்கீட்டுக்குள்தான் வருகிறார்கள். இசற் புள்ளியோ நாடு முழுவதும் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியையும் நியம விலகலையும் வைத்துக் கணிக்கப்படுவது. கற்பிட்டி வீதியில் இருக்கும் நான்கு பாடசாலைகள் ஒன்றிடமிருந்து ஒன்று மறைத்து வெல்லக்கூடிய போட்டி இதற்குள் இல்லை.

செலவுக் கேள்வி உண்மையானது. கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், சுற்றறிக்கை இல்லாத கூட்டத்துக்குப் பயணப்படி கிடைக்காது. பரிசளிப்பு விழாப் பந்தலுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பாடசாலை அபிவிருத்திக் குழுக்கள் ஒதுக்கினால் நான்கு பேரின் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் ஆகிவிடும். வலயத்திடம் நாம் கேட்பது அனுமதியும் அந்த நாளுக்குக் கடமை லீவும் மட்டுமே. இரசாயனவியலோடு தொடங்கலாம், உப்பளம் பக்கத்தில் இருக்கிறது. டிசம்பரிலேயே முதல் கூட்டம் நடந்துவிட வேண்டும். ஜனவரி இடமாற்றக் கடிதங்கள் கையில் கிடைத்த பிறகு, போகிறவரின் குறிப்புகளைக் கேட்டு வாங்குவது கடினம்.