மாப்பிள்ளை உருமாறினால்தான் முகூர்த்தம்!

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் ஜாதகம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் ரோகிணி, பெண் உத்திராடம். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். "யோனிப் பொருத்தம் இல்லைங்க. இது பாம்பு, அது கீரி." தரகர் முகம் தொங்கிவிடுகிறது, கமிஷன் போச்சே! பையனோ வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் நைட் ஷிப்டு முடித்து வந்து, தான் ஒரு பாம்பு என்பதே தெரியாமல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

சிரிக்காதீர்கள். 27 நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. பரணியும் ரேவதியும் யானை, அசுவினியும் சதயமும் குதிரை, மகமும் பூரமும் எலி. அதோடு விடவில்லை, ஆண் மிருகம் பெண் மிருகம் என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அசுவினி ஆண் குதிரை, சதயம் பெண் குதிரை. அதாவது சதயத்தில் பிறந்த மாப்பிள்ளை, மீசை எவ்வளவு பெரிசாக இருந்தாலும், பஞ்சாங்கக் கணக்கில் பெண் குதிரைதான். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு பந்தியை விட்டு எழுந்து போனதாகத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு வகைக் காதல் கதைகள் குவிந்து கிடக்கின்றன. ஓநாயாக மாறும் மனிதன், சிறுத்தையாக மாறும் மனிதன், இரண்டு கூட்டத்துப் பெரியவர்களும் பேசி முடித்த கல்யாணம், மாப்பிள்ளைகள் இருவரும் ஆண்கள். முதலில் முறைப்பு, பிறகு காதல். நம்ம ஊர்ப் பையன் ஒருவன் செல்லில் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது மாட்டினால் என்ன நடக்கும்? "வெள்ளைக்காரன் குப்பை, நம்ம கலாச்சாரத்தில் இதெல்லாம் ஏது?" என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து பாடம் எடுப்பார்கள். எடுப்பவர்களில் பாதிப் பேர் பாரதத்தை டிவியில் பார்த்ததோடு சரி.

பாரதத்திலேயே இருக்கிறது, அதுவும் நிச்சயித்த கல்யாணமாக! உத்தியோக பர்வத்தில் சிகண்டி கதை. துருபதனுக்குப் பிறந்தது பெண். பிள்ளை என்று ஊரை நம்பவைத்து வளர்க்கிறான். வயசு வந்ததும் தசார்ண தேசத்து ராஜா ஹிரண்யவர்மனின் மகளைப் பேசி முடிக்கிறான். கல்யாணம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது, மாப்பிள்ளையும் பெண் என்று. சேதி அப்பாவுக்குப் போகிறது, அவர் படை திரட்டுகிறார். தன்னால்தானே இத்தனையும் என்று சிகண்டி உயிரை விடக் காட்டுக்குப் போக, அங்கே ஸ்தூணன் என்ற யட்சன் இரக்கப்பட்டுத் தன் ஆணுருவைக் கொஞ்ச நாளுக்குக் கடன் கொடுக்கிறான். (வட்டி இல்லாக் கடன். கடைசியில் குபேரன் சாபத்தில் முதலே திரும்பாமல் போய், சிகண்டி சாகும்வரை யட்சன் பெண்ணாகவே இருக்க வேண்டியதாயிற்று. வாராக்கடன்!) மாப்பிள்ளை ஆண்தானா என்று பார்த்துச் சொல்ல மாமனார் ஆட்களை அனுப்புகிறார். ஆண்தான் என்று பதில் வந்ததும் கோபம் போய், யானை குதிரை என்று சீர் வருகிறது.

இத்தனை அமளியில் ஒருத்தியை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணை. அவளுக்கு என்ன வேண்டும், சிகண்டி மாறாமல் இருந்திருந்தால் சேர்ந்து வாழ்ந்திருப்பாளா? ஹிரண்யவர்மனின் மகள் என்பதோடு அவள் கதை முடிந்தது.

அரவான் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் பலியாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாகிக் கழுத்தை நீட்டுகிறான். வடமொழிப் பாரதத்தில் அரவான் போர்க்களத்தில் சண்டை போட்டுத்தான் சாகிறான். களபலியும் கல்யாணமும் தமிழ்நாடு சேர்த்துக்கொண்டவை. கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுவது இன்றைக்கும் நடக்கிறது.

ஆக, நம் மரபில் இது இல்லவே இல்லை என்பது பொய். ஆனால் "எல்லாம் இருக்கிறது, நம் முன்னோர் எவ்வளவு முற்போக்கு பாருங்கள்" என்று மார்தட்டுகிறார்களே, அது அதைவிடப் பெரிய பொய். வெள்ளைக்காரன் கதையில் மனிதன் ஓநாயாகிறான், ஆனால் ஆண் ஆணாகவே இருக்கிறான், காதலிக்கிறான். நம் கதையில் மனிதன் மனிதனாகவே இருக்கிறான், மாற வேண்டியது பால் மட்டும். தாலி ஏறுவதற்கு முன்னாலோ பின்னாலோ ஒருவர் உருமாறி ஆண் ஒன்று பெண் ஒன்று என்று கணக்கை நேராக்கிவிட வேண்டும். பற்றும் வரவும் சமமானால்தான் பேரேட்டை மூடுவார்கள். பரந்தாமனே ஆனாலும் மோகினியாகாமல் மணவறையில் உட்கார இடமில்லை!

இந்தக் கணக்கை உடைத்தவர் ஒருவர் உண்டு. ராஜஸ்தானில் போருந்தா கிராமத்து விஜய்தான் தேத்தா (1926-2013). நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டித் தன் போக்கில் எழுதியவர், பஹேலி படத்தின் மூலக்கதைக்காரர். 'இரட்டை வாழ்க்கை' என்று பொருள்படும் அவர் கதை ஒன்றில் பிள்ளைகள் பிறக்கும் முன்பே அப்பாக்கள் சம்பந்தம் பேசிவிடுகிறார்கள். இரண்டும் பெண். வரதட்சணை ஆசையில் ஒருவர் மகளை மகனாக வளர்த்துக் கட்டியும் வைக்கிறார். உண்மை தெரிந்த பின்னும் இருவரும் பிரியவில்லை. ஊர் விரட்ட, பேய்கள்தான் அடைக்கலம் கொடுக்கின்றன. பேய் வரத்தில் ஒருத்தி ஆணாகிறாள். ஆனதும் அதிகாரம் தலைக்கேறுகிறது. பட்டுத் தெளிந்து மறுபடி பெண்ணாகி இருவரும் பெண்களாகவே வாழ்கிறார்கள். ஊரைவிடப் பேய் மேல் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

கதைதானே, இதற்கேன் இவ்வளவு கோபம் என்பவர்கள் கொஞ்சம் கோர்ட்டுப் பக்கம் வரவும். 2019 ஏப்ரலில், நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக்கும் பொறுப்பான மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு சொன்னார். இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணப்பெண்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம், தூத்துக்குடி ஜோடியின் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள் என்று. அருமையான தீர்ப்பு. (திருநங்கை வேஷம் மாறியவர் அல்ல, உள்ளே இருந்தவரை வெளியே கொண்டு வந்தவர். இங்கே சண்டை அவர்களோடு இல்லை.) 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாகச் சொன்னது என்ன? ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர்கள் இப்போதைய சட்டப்படியே மணக்கலாம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்க அடிப்படை உரிமை இல்லை, அது பார்லிமெண்ட் வேலை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. அதே பாரதக் கணக்குதான். மாமனார் ஆள் அனுப்பிச் சோதித்ததை இப்போது சட்டம் செய்கிறது.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண்ணைப் பெற்றவர்களே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுடைய தோழி போட்டது. அந்தப் பெண் நீதிபதிகளிடம் சொன்னது: வீட்டில் அடித்தார்கள், தன்னை 'சாதாரணமாக' மாற்ற ஏதேதோ சடங்குகள் செய்தார்கள். இப்படி ஆட்களை மருத்துவம் பார்த்து மாற்றக் கூடாது என்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனிலேயே தடை போட்டிருந்தார். மருத்துவத்துக்குத் தடை வந்தால் என்ன, சடங்கு இருக்கிறதே! மாயம், மந்திரம், உருமாற்றம், பெரியவர்கள் நிச்சயித்த வாழ்க்கை எல்லாம் அந்த வீட்டில் இருந்தது. அவள் மட்டும் மாற மாட்டேன் என்றாள்.

ஆச்சரியம் என்னவென்றால் அந்த அமர்விலும் ஜி.ஆர். சுவாமிநாதன் இருந்தார், கூட வி. லட்சுமிநாராயணன். அவளை அவள் விருப்பப்படி போகவிட்டார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றும் எழுதினார்கள். கல்யாணப் பதிவு கிடையாது, சொத்தில் வாரிசுரிமை கிடையாது, வங்கிக் கணக்கில் நாமினி போடப் போனால் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இன்னமும் யோசிக்க வேண்டும். ஆனால் இரண்டு பெண்களும் பெண்களாகவே அந்த வாசலைத் தாண்டிப் போனார்கள், யட்சனும் இல்லை, பேயும் இல்லை.

குஜிலியம்பாறையில் இந்த வருஷமும் யாரோ ஒரு பையனுக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பாம்பா, கீரியா, ஆண் குதிரையா, பெண் குதிரையா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, தூங்கி எழுந்த பிறகு.