கதிரும் கறையும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைகளுள் கோர்வைச் சேலைக்குத் தனிச் சிறப்பு உண்டு. உடலின் நிறம் ஒன்று, கரையின் நிறம் வேறொன்று. ஆயினும் இரண்டும் பிரிக்க ஒண்ணாதவாறு கோக்கப்பட்டிருக்கும். அதனை ஒருவரே தனித்து நெய்தல் அரிது. நெசவாளர் குழித்தறியில் அமர்ந்திருக்க, துணையாள் ஒருவர் அவர் பக்கத்திலேயே இருந்து கரை நாடாவை வாங்கியும் விட்டும் வருதல் வேண்டும். தோளோடு தோள் உரசும் நெருக்கம் அது.

பிள்ளையார்பாளையத்தில் யான் அறிந்த நெசவாளர் ஒருவர், தொண்டையில் தோன்றிய புற்றுநோய்க்காக ஏழு வாரம் கதிர் மருத்துவம் பெற்று வீடு திரும்பினார். மருத்துவம் பயன் தந்தது. ஆயினும் தறி ஓடவில்லை. பல ஆண்டுகள் அவரோடு கோர்வை போட்ட துணையாள் வர மறுத்துவிட்டார். “அண்ணனுக்குக் கரண்டு வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் ஏறிவிடும்” என்பது அவர் கூறிய காரணம். வீட்டாரும் நெசவாளரின் தட்டையும் குவளையையும் தனியே எடுத்து வைத்தனர். பேரக் குழந்தையை அவர் மடியில் விட அஞ்சினர். நோயினும் இதுவே தம்மைப் பெரிதும் வருத்தியது என்று அவர் என்னிடம் கூறினார்.

இவ்வாறு விலக்கி வைத்தல் தவறு. இரக்கத்தினால் மட்டும் யான் இதனைக் கூறவில்லை. கதிர்களின் இயல்பை அறிந்தோர் எவரும் இதனையே கூறுவர்.

கதிர் என்னும் ஒரு பெயரால் நாம் வழங்குவன உண்மையில் ஓரினத்தன அல்ல. 1896ஆம் ஆண்டில் பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர், யுரேனிய உப்பு தானாகவே கதிர்களை வெளிவிடுதலைக் கண்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் ரூதர்போர்டு அக்கதிர்களைப் பகுத்து ஆராய்ந்து, எளிதில் தடைப்படுவனவற்றுக்கு ஆல்பா என்றும், மிகுதியாக ஊடுருவுவனவற்றுக்குப் பீட்டா என்றும் பெயரிட்டார். 1900இல் வில்லார்டு என்பவர் இவ்விரண்டினும் ஊடுருவும் வன்மை மிக்க மூன்றாம் வகையைக் கண்டார். அதுவே பின்னர்க் காமா எனப்பட்டது.

ஆல்பா என்பது இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த கட்டி. எலெக்ட்ரானை நோக்க, அஃது ஏழாயிரம் மடங்குக்கு மேல் எடை உடையது. பருத்த உடம்பினர் சந்தைக் கூட்டத்தில் எல்லோர்மேலும் இடித்துக்கொண்டு செல்வதுபோல, வழியில் உள்ள அணுக்களையெல்லாம் மோதிச் சிதைத்து அது விரைவில் ஓய்ந்துவிடும். காற்றில் சில சென்டிமீட்டர் தொலைவே அதன் பயணம். சரிகைப் பொன்னைப் போன்ற மெல்லிய பொன் தகட்டை அது கடக்கும். ஆனால் மடித்த பட்டுச் சேலையைக் கடக்காது. நம் தோலின் மேற்புறத்து இறந்த படலமே அதனைத் தடுத்துவிடும். முன்னாளில் திருவிழா ஊர்வலங்களில் தூக்கிச் சென்ற காஸ் விளக்குகளின் வலைத்திரியில் தோரியம் இருந்தது. அது தென் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலிலும் கிடைக்கும் பொருள், ஆல்பாவை வெளிவிடுவது. விளக்கின் கண்ணாடியைத் தாண்டி அந்த ஆல்பா வெளியே வந்ததில்லை. ஆனால் உதிர்ந்த திரியின் சாம்பல் மூச்சோடு உட்புகுந்தால் நிலைமை வேறு. வெளியே நிற்கும்போது வலியற்ற ஆல்பா, உடலின் உள்ளே புகுந்துவிட்டால் மிகக் கொடியது. ஒரே அளவு ஆற்றலை உடலில் இறக்கினாலும், ஆல்பாவின் தீங்கைக் காமாவின் தீங்கைப் போல் 20 மடங்கு என்று கணக்கிடுவது பாதுகாப்பு முறையாகும்.

பீட்டா என்பது விரைந்து பாயும் எலெக்ட்ரான். காற்றில் சில மீட்டர் செல்லும். சில மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டில் அடங்கிவிடும். காமாவுக்கோ எடையும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. அஃது ஒளியின் இனத்தைச் சேர்ந்தது. அதனை முற்றும் தடுத்தல் இயலாது, குறைக்கவே இயலும். கோபால்ட் 60 வெளிவிடும் காமா, ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் கனமுள்ள ஈயத்தைக் கடக்கும்போது பாதியாகும், அடுத்த 1.2 சென்டிமீட்டரில் அதிலும் பாதியாகும். கதிர் மருத்துவ அறையின் சுவர்கள் கோட்டை மதில்போல் தடித்திருப்பதன் காரணம் இதுவே.

இனி, நம் நெசவாளரிடம் வருவோம். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவ்வாண்டிலேயே அவர் பெயரால் நம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அத்தகைய மருத்துவமனைகளில் நெடுங்காலம் பயன்பட்டு வந்த எந்திரம் கோபால்ட் எந்திரம். கனடாவில் 1951ஆம் ஆண்டில் முதன்முதலாக நோயாளிகளுக்கு அது பயன்பட்டது. கோபால்ட் 60 பீட்டாவையும் வெளிவிடும், காமாவையும் வெளிவிடும். அதனை எஃகு உறையில் இட்டு மூடியிருப்பதால் பீட்டா உறையிலேயே அடங்கிவிடுகிறது. காமா மட்டும் வெளிவந்து நோயுற்ற இடத்தில் பாய்கிறது. நாள்தோறும் சில நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் என்பது பெருவழக்கு.

பாய்ந்த காமா என்ன ஆகிறது? ஒரு பகுதி உடலை ஊடுருவி அப்பால் சென்றுவிடும். மறுபகுதி தன் ஆற்றலை உயிரணுக்களில் இறக்கிவிட்டு அக்கணமே அழிந்துபோகும். உடலில் தங்கியிருக்க அங்கே பொருள் ஏதும் இல்லை. கோபால்ட் எந்திரத்தினுள் இருக்கிறது. நோயாளியோ அதனைத் தொட்டதும் இல்லை. கதிர் பட்ட உடலின் அணுக்கள் தாமே கதிர்விடத் தொடங்கா என்பதற்கும் காரணம் உண்டு. உடலில் உள்ள தனிமங்களின் அணுக்கருவை மாற்றும் அளவு ஆற்றல் கோபால்ட்டின் காமாவுக்கு இல்லை. அவ்வாறு மாற்றவல்லது நியூட்ரான். அஃது அணு உலையின் உள்ளே பெருகித் திரிவது. 2019 வரை நம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கல்பாக்கத்து உலைகளில் ஓயாது இயங்குவது. சாதாரணக் கோபால்ட்டை உலையில் இட்டு, நியூட்ரானைக் கொண்டே கோபால்ட் 60 ஆக்குகிறார்கள். இக்காலத்தில் பெருகிவரும் நேர்கோட்டு முடுக்கி என்னும் எந்திரமோ மின்விசையால் எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. விசையை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். கரண்டு வைத்தல் என்று மக்கள் வழங்கும் பெயர் அதற்கேனும் ஒருவாறு பொருந்தும்!

நெசவூர் மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. பாவை வெயிலில் உலர்த்துகிறோம். அது சூடேறும், நாட்பட்டால் நிறமும் மங்கும். ஆனால் அதை வீட்டினுள் கொண்டுவந்தால், அதிலிருந்து வெயில் வீசுவதில்லை. சாயத்தொட்டியில் நனைந்த கையோ தொட்ட இடமெல்லாம் கறைப்படுத்தும். கதிர் படுதல் வெயிலில் நிற்பதைப் போன்றது. கதிர்விடும் பொருள் உடலில் ஒட்டுவதோ உட்புகுவதோ சாயத்தில் நனைவதைப் போன்றது. நம் மக்கள் முன்னதைப் பின்னதாகக் கருதி அஞ்சுகின்றனர்.

ஆயின் பின்னது இல்லாத ஒன்று அன்று. 2010ஆம் ஆண்டில் தில்லி மாயாபுரியில், பழைய இரும்பு வாங்கும் இடத்திற்கு வந்துசேர்ந்த ஆய்வகக் கருவி ஒன்றை அது யாதென அறியாமல் பிரித்தார்கள். அதனுள் இருந்தது இதே கோபால்ட் 60. உறை நீங்கி அது சிதறியதால் பலர் துன்புற்றனர், ஒருவர் இறந்தார். மருத்துவத்திலும் சாயத்தொட்டியை ஒத்த ஒரு வகை உண்டு. தைராய்டுச் சுரப்பியின் புற்றுநோய்க்கு அயோடின் 131 என்னும் பொருளை உட்கொள்ளத் தருவார்கள். அது பீட்டாவால் நோயை அழிக்கும். அதன் காமாவோ உடலைத் தாண்டி வெளிவரும். எட்டு நாளில் அதன் வலிமை பாதியாகக் குறையும். அம்மருந்தை உண்டவர் மருத்துவர் குறித்த நாள்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் விட்டு விலகியிருக்கத்தான் வேண்டும். பாத்திரங்களையும் தனியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே அச்சமின்மை அறிவுடைமை ஆகாது.

ஆதலின், மருத்துவம் முடிந்து வீடு செல்லும் ஒவ்வொருவர் கையிலும், அவர் பெற்றது எவ்வகைக் கதிர், அவரோடு பிறர் பழகலாமா, பழகலாகாது எனின் எத்தனை நாள் என்பவற்றை எளிய தமிழில் எழுதிய சீட்டு ஒன்று இருத்தல் வேண்டும். நம் நெசவாளரின் கையில் இருந்த தாளில் கதிரின் அளவு ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அண்டை வீட்டாருக்கு வேண்டிய செய்தி ஒரு வரிகூட அதில் இல்லை.

யான் துணையாளைக் கண்டு இவற்றைக் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்படியானால் கழுத்து ஏன் கறுத்துப்போயிற்று?” என்று வினவினார். நல்ல வினா. வெயிலில் நின்றவன் தோல் கறுப்பதுபோல, கதிர் பட்ட இடமும் கறுக்கும் என்றும், அது பட்டதன் அடையாளமே அன்றித் தங்கியதன் அடையாளம் அன்று என்றும் கூறினேன். அவர் விடை ஏதும் கூறாமல் எழுந்து சென்றார்.

அடுத்த வாரம் தறிக்கு வந்தார். முதல் நாள் சற்று விலகியே அமர்ந்தார். அவ்வளவு தொலைவில் இருந்து கரை நாடாவை விட அவருக்குக் கை எட்டவில்லை.