வாசலுக்கு வெளியே நிற்கும் கடன்காரர்



சில ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த ஒரு தவறான ஆலோசனையை இந்த வாரம் உங்கள் முன் அறிக்கையிடுகிறேன். அமெரிக்காவின் வேறொரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்து நம் சபையில் சேர்ந்த ஒரு சகோதரர், ஆராதனை முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் பேசினார். பழைய ஊரில் வேலையின்றி இருந்த நாட்களில் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு கடனைக் கேட்டு, அவர் கேள்விப்பட்டிராத ஒரு வசூல் நிறுவனம் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தது. "ஐம்பது டாலராவது அனுப்பி நல்லெண்ணத்தைக் காட்டுங்கள்" என்றேன். அவரும் அனுப்பினார். வழக்குத் தொடரும் காலம் முடியவிருந்த அக்கடனுக்கு அந்தச் சிறு தொகை புதிய காலக்கணக்கைத் தொடங்கிவைத்தது என்பதைப் பின்னர் ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தோம்.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்க வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று அங்கே கட்டளையிடப்பட்டிருக்கிறது. கடன் உண்மையானதே, ஆயினும் கடன்பட்டவனின் வாசற்படிக்கு மதிப்பு உண்டு. 1977-இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட கடன் வசூல் சட்டமும் அத்தகைய ஒரு வாசற்படியே.

பிறருடைய கடனை வசூலிக்கும் நிறுவனங்கள், நீங்கள் இருக்கும் இடத்தின் நேரப்படி காலை 8 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ அழைக்கலாகாது. கடனின் விவரம் அடங்கிய அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்துமூலம் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தவேண்டும். வழக்குத் தொடுப்பதானால், நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடத்திலோ இப்போது வசிக்கும் இடத்திலோதான் தொடுக்கலாம். தொலைவிலுள்ள வேறு நீதிமன்றத்துக்கு உங்களை இழுக்க இயலாது.

காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிரெடிட் கார்டு போன்ற நுகர்வோர் கடனுக்கு நியூயார்க்கில் 3 ஆண்டுகள், டெக்சாஸில் 4, நியூஜெர்சியில் 6. குடிபெயர்ந்தவருக்கு எந்த மாநிலத்தின் கணக்கு பொருந்தும் என்பது ஒப்பந்தத்தையும் அந்தந்த மாநிலச் சட்டத்தையும் பொறுத்தது. வழக்கறிஞரிடம் கேட்டே தெளியவேண்டும். காலம் கடந்த கடனைக் கேட்டு வசூல் நிறுவனம் வழக்குத் தொடுப்பதும், தொடுப்பேன் என்று மிரட்டுவதும் சட்டவிரோதம். ஆயினும் பல மாநிலங்களில் ஒரு சிறு தொகையோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு கடிதமோ அந்தக் கணக்கை மீண்டும் தொடங்கிவிடும்.

மிக முக்கியமான ஒன்று: நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதை மேசை அறைக்குள் ஒளித்துவைக்காதீர்கள். காலம் கடந்தது என்பதை நீங்கள்தான் பதிலில் எழுத்துமூலம் எடுத்துச் சொல்லவேண்டும். பதில் அளிக்காதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். ஒரு மாநிலத்தின் தீர்ப்பை வேறு மாநிலத்திலும் நிறைவேற்றலாம்.

"பாஸ்டர், இது கடனை ஏமாற்ற வழி சொல்வதாகாதா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான மாநிலங்களில் காலம் கடந்தாலும் கடன் அழிவதில்லை. மனச்சாட்சி உணர்த்தினால், திராணியும் இருந்தால் செலுத்துங்கள். ஆனால் முதலில் விசாரியுங்கள். கேட்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டா? தொகை சரியா? அது உங்கள் கடன்தானா? பழைய கடன்கள் கை மாறி மாறி விற்கப்படுகின்றன. அந்தக் கைமாற்றங்களில் கணக்கு பிழைபடுவதுண்டு. நேர்மையாகச் செலுத்துவது வேறு, பயந்து செலுத்துவது வேறு. நான் அந்தச் சகோதரரைப் பயத்தில் செலுத்தவைத்துவிட்டு, அதை விசுவாசம் என்று அழைத்தேன்.

பிரியமானவர்களே, நோய்க்காக ஜெபிக்கக் கேட்கும் நாம் கடனைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்த வெட்கத்தையே மிரட்டுகிறவர்கள் ஆயுதமாக்குகிறார்கள். அப்படிப்பட்ட அழைப்பு வந்தால் தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், எழுத்தில் அனுப்பும்படி கேளுங்கள். இலவச சட்ட உதவி மையத்தையோ மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தையோ அணுகுங்கள். தனியே போகத் தயங்கினால் அந்தக் காகிதங்களோடு என்னிடம் வாருங்கள். இம்முறை ஆலோசனை சொல்ல அவசரப்படமாட்டேன். உங்களுடன் வழக்கறிஞரிடம் வருவேன்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டு வாசலைக் காப்பதாக.