நூலக வரி கட்டுகிறோம், வாக்ரிபோலிக்கு ஒரு அலமாரி கேட்போம்

சொத்து வரி கட்டும்போது அதற்குள் நூலக வரியும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வாங்குவது. தாம்பரம் மாநகராட்சியில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் கட்டுகிறோம். ஆகவே நம் கிளை நூலகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நான் கேட்பது வாக்ரிபோலி.

ரயில் நிலையத்தில் ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் நம்மிடம் தமிழில் பேரம் பேசிவிட்டு, தங்களுக்குள் வேறொன்று பேசிக்கொள்வார்களே, அதுதான். பலர் நினைப்பதுபோல் அது கொச்சைத் தமிழ் இல்லை. குஜராத்திக்கு உறவான தனி மொழி. சொந்த எழுத்து கிடையாது. 1970-லேயே சீனிவாச வர்மா இதை ஆராய்ந்து எழுத, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புத்தகமாக வெளியிட்டது. அது ஆய்வாளர்களுக்கானது. அந்த வீட்டுப் பிள்ளை கையில் எடுத்துப் படிக்க என்ன இருக்கிறது?

என் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். முதல் வாரம் வீட்டுமொழி தானாக வாயில் வரும். மற்ற பிள்ளைகள் சிரித்ததும் நின்றுவிடும்.

"இது சோறு போடுமா சார்?" என்று கேட்பீர்கள். போடாதுதான். 2023-ல் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள். படிப்பும் வேலையும் அந்த வழியில் வரட்டும். மொழிக்கு அதில் எதுவும் இல்லை.

பக்கத்தில் தரமணிக்குப் போய் ரோஜா முத்தையா நூலகத்தைப் பாருங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய மனிதர், பழைய புத்தகங்களோடு மற்றவர்கள் தூக்கிப் போட்ட நோட்டீஸ், அழைப்பிதழைக்கூடச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, இங்கேயே நூலகமாக்க உதவியது. அமெரிக்காவில் வாம்பனோவாக் மொழியைப் பேச ஆளே இல்லாமல் போய் நூறாண்டுக்கு மேல் ஆன பின்பும், 1663-ல் அச்சான பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்து மறுபடி பேசத் தொடங்கினார்கள். காகிதம் இருந்தது, முடிந்தது.

வாக்ரிபோலியில் சேர்த்து வைக்கக் காகிதமே அதிகம் இல்லை. எனவே நூலகம்தான் அதை உண்டாக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு பாட்டி கதை சொல்லட்டும், செல்போனில் பதிவு செய்யலாம். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இலவசமாக வாங்குவது நம் ஊர் வழக்கம், அது வேண்டாம். பதிவின் முதல் பிரதி அவர்கள் குடும்பத்துக்கு. பிறகு தமிழ் எழுத்தில் எழுதிச் சிறு புத்தகமாக அலமாரியில் வைக்கலாம்.

வாசகர் வட்டத்தில் மனு கொடுக்க நினைத்திருக்கிறேன். சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். அந்தக் குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். அவர்களைக் கேட்காமல் மனுவில் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.