தொடுதோலும் தார்ச்சாலையும்

தைப்பூசம் நெருங்குகையில் சேலம், நாமக்கல் வட்டாரச் சாலையோரங்கள் பாதயாத்திரை செல்வோரால் நிறைகின்றன. எடப்பாடிப் பருவதராஜ குலத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து, மலைமீதே ஓரிரவு தங்கும் உரிமை பெற்றவர்கள் என்பதை இப்பக்கம் அறியாதார் இலர். இப்படிப் பல நாள் நடப்போரில் வெறுங்காலினரே மிகுதி. அது அவரவர் நேர்த்தி. குறுக்கிட நமக்கு உரிமையில்லை. ஆனால் செருப்பணிந்து உடன் வருவோரை, 'இது மரபன்று' என இடித்துரைக்கும் குரலோடு நமக்கு வழக்கு உண்டு.

எந்த மரபு? சங்கப் பாடல்களில் தொடுதோல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் வழிநடை வணிகர் காலை மறைக்கும் காப்பு அணிந்தே செல்கின்றனர். புறநானூற்றின் 257ஆம் பாட்டு ஒரு வீரனைச் செருப்பினுள் புகுந்த பரற்கல்லுக்கு ஒப்பிடுகிறது. செருப்போடு நெடுவழி நடந்து நொந்தவனுக்கன்றோ அவ்வுவமை தோன்றும்!

மேலும், முன்னோர் மிதித்தது மண்தடம். இன்று மிதிப்பது தார். பங்குனி உத்திர நடையின் நண்பகலில் அது காற்றைக் காட்டிலும் பன்மடங்கு சுடும். நீரிழிவால் காலுணர்வு மங்கியவருக்குக் கொப்புளம் எழுந்ததும் தெரியாது, புண் ஆழ்ந்ததும் தெரியாது. விரலை இழப்பதில் போய் முடியலாம். வீட்டினுள்ளும் வெறுங்கால் கூடாதென்று மருத்துவர் எச்சரித்த ஒருவரிடம் மரபு பேசுவது கொடுமை.

சரி, எதை அணிவது? முதன்முறை சென்றபோது நாம் புறப்பாட்டுக்கு முந்திய நாள் விலையுயர்ந்த தோல் பூட்ஸ் வாங்கினோம். காவிரியைக் கடக்கும் முன்பே குதிகால் இரண்டும் உரிந்துவிட்டன. உடன் வந்த பெரியவர் ஒருவர் தம் பையிலிருந்த மாற்றுச் செருப்பை எடுத்துக் கொடுத்தார். டயரில் அறுத்துத் தைத்தது. தாராபுரம் பக்கம் தாரின் சூட்டுக்கு அஞ்சி ஓரத்தில் இறங்கினால் கொறங்காட்டு வேலிகளின் கிளுவை முள்ளும் வெள்வேல் முள்ளும் காத்திருக்கும். ரப்பர் ஹவாய் செருப்பை அவை ஊசிபோல் துளைப்பதைக் கண்டோம். டயரிடம் அவற்றின் வித்தை செல்லவில்லை.

கொல்லிமலையில் கணக்கு வேறு. ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஈரம் நிற்கும் இடங்களில் தேய்ந்த டயர் வழுக்கும். ஆழமாகப் பள்ளம் வெட்டிய மென்ரப்பர் அடியே பிடிக்கும். இறக்கத்தில் விரல்கள் முன்னே மோதும். ஆகவே நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. பிறகு இரண்டு வாரமேனும் அணிந்து பழக்க வேண்டும். நாம் வகுப்பறையிலேயே பழக்கினோம், மாணவர் சிரித்தனர். காலுறை பருத்தியாக இருத்தலாகாது என்பது நெசவூர்க்காரர்களான நமக்குக் கசக்கும் செய்திதான். ஆனால் பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். செயற்கை இழையோ மென்கம்பளியோ மேல்.

அந்தப் பெரியவரின் டயர் செருப்பைப் பழனியில் படியடியில் கழற்றி வைத்தோம். இறங்கி வந்து பார்த்தால் காணவில்லை. புதுப் பூட்ஸை ஒருவரும் தொடவில்லை.