ஸ்கேன் ரிப்போர்ட்ல 'ஹீமாஞ்சியோமா'ன்னு இருக்கா? கூகுள் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன மாசம் ஒரு ராத்திரி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பி.டி.எஃப் வந்து விழுந்தது. பாபநாசத்துல இருக்கிற பெரியம்மாவோட எம்.ஆர்.ஐ ரிப்போர்ட். 30 வருஷமா மடியில சுளகை வெச்சு, குனிஞ்ச தலை நிமிராம பீடி சுத்துறவங்க. இடுப்புல கிளம்பின வலி இடது கால் வரைக்கும் இறங்குதுன்னு அம்பாசமுத்திரத்துல காட்டி, நெல்லையில ஸ்கேன் எடுத்திருந்தாங்க. ரிப்போர்ட்டோட கடைசி வரியில 'எல்1 முள்ளெலும்பில் ஹீமாஞ்சியோமா'. தம்பி ஒருத்தன் உடனே கூகுள் பண்ணி, 'ரத்தக்குழாய்க் கட்டி'ன்னு குரூப்ல போட்டுட்டான். அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல பெரியம்மாகிட்டேருந்து போன்.

"ஏலே, கட்டின்னா புத்துதானல? மறைக்காம சொல்லு."

இது புற்றுநோய் இல்லை. ஆனா அந்த ராத்திரி அதை அவங்களுக்குப் புரியவைக்க முடியலை. டாக்டர் பார்க்குறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் நம்ம போனுக்கு வந்துடுது. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத அந்த ரெண்டு நாளைத்தான் பயம் பிடிச்சுக்குது.

முள்ளெலும்புக்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் கொத்தாச் சேர்ந்து, நடுவுல கொழுப்பு நிரம்பியிருக்கிறதுதான் இந்த ஹீமாஞ்சியோமா. தாமிரபரணிக் கரையில மருத மரத்து வேர் பின்னிக் கிடக்குமே, கிட்டத்தட்ட அப்படி. இதைக் கட்டின்னு சொல்றதைவிட ரத்தக்குழாய் அமைப்புல இருக்கிற ஒரு கோளாறுன்னு சொல்றதுதான் சரின்னு நினைக்கிற நிபுணர்களும் உண்டு. 1920-களின் கடைசியில ஜெர்மனியில 2,000-க்கும் மேற்பட்ட இறந்தவர்களின் முதுகெலும்பை ஆராய்ஞ்சப்ப, 100-க்கு 11, 12 பேர்கிட்ட இது இருந்தது. பெரும்பாலானவங்களுக்கு இது ஒரு தொந்தரவும் தர்றதில்லை. அன்னிக்குப் பிரேதப் பரிசோதனையில மட்டும் தெரிஞ்ச விஷயம், இன்னிக்கு முதுகுவலிக்காக எடுக்கிற ஸ்கேன்ல அடிக்கடி கண்ணுல படுது. கட்டி அதிகமாகலை, ஸ்கேன்தான் அதிகமாகியிருக்கு.

அதுக்காக 'ஒண்ணுமில்லை'ன்னு எல்லாத்தையும் தள்ளிவிட முடியுமா? அங்கேதான் சிக்கல். எலும்புக்குள்ள இருக்கிறதுல ரொம்பச் சிலது வெளியே வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தும். இன்னும் அபூர்வமா, தண்டுவடத்துலேருந்து ஜோடி ஜோடியாப் பிரியுற 31 ஜோடி நரம்பு வேர்கள்ல ஏதோ ஒண்ணுலயே ரத்தக்குழாய்க் கட்டி வரும். புற்றுநோய் இல்லைதான், ஆனா அது இருக்கிற இடம் அப்படி. நரம்பு வேர் வெளியேறுற வழி ரொம்பக் குறுகலானது. அங்கே சின்னதா ஒண்ணு வளர்ந்தாலும் வலி, மதமதப்பு, பலவீனம்னு ஆரம்பிச்சுடும். சிலருக்குக் கட்டிக்குள்ள திடீர்னு ரத்தம் கசிஞ்சு ஒரே நாள்ல நிலைமை மோசமாகும்.

அந்த வலி பார்க்க அப்படியே டிஸ்க் வலி மாதிரியே இருக்கும். எங்க ஊர்ப் பக்கம் இடுப்பு பிடிச்சா முதல்ல சுளுக்கு எடுக்கத்தான் போவாங்க. இல்லைன்னா 'அகஸ்தியர் அருவியில முதுகைக் காட்டி நில்லு, சரியாயிடும்'பாங்க. சாதாரணப் பிடிப்புக்கு அருவி சுகம்தான், நானும் நின்னிருக்கேன். ஆனா நடக்கும்போது செருப்பு கழன்டு விழுந்தது தெரியலைன்னா, கால் பலம் குறைஞ்சுகிட்டே வந்தா, உட்காருற இடம் மரத்துப்போனா, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினா... அருவியும் வேண்டாம், தடவுறதும் வேண்டாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி.

நரம்பு வேர்ல கட்டின்னு உறுதியானா, மைக்ரோஸ்கோப் வெச்சுப் பண்ற ஆபரேஷன்தான் முக்கிய வழி. ரத்த ஓட்டம் அதிகமுள்ள ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா வகைன்னா, சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே கட்டிக்குப் போற ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைச்சுடுவாங்க. இந்த வகை வந்தவங்கள்ல சிலருக்கு, வான் ஹிப்பல்-லிண்டாவ்ங்கிற பரம்பரைக் கோளாறு இருக்கும். அதுக்குக் காரணமான மரபணுவை 1993-ல கண்டுபிடிச்சாங்க. பெற்றோர்ல ஒருத்தருக்கு அது இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால கண், மூளை, சிறுநீரகம்னு மற்ற இடங்களையும் பார்க்கச் சொல்வாங்க.

பாபநாசத்துலேருந்து நெல்லை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நரம்பு ஆபரேஷன்னாலே மதுரை, திருவனந்தபுரம்னு கிளம்பின காலம் உண்டு. ஹைகிரவுண்டுல இருக்கிற நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக் 2019 ஜனவரியில திறக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனா கட்டடமும் கார்டும் மட்டும் போதாது. ஒருநாள் பஸ் ஏறினா ஒருநாள் பீடிக் கூலி போச்சுன்னு கணக்குப் போடுறவங்க, கால் மரத்துப்போற வரைக்கும் வலியைத் தள்ளித்தான் போடுவாங்க. சிகிச்சை தாமதமாகுறது பெரும்பாலும் அந்தக் கணக்குலதான்.

பெரியம்மா கதைக்கு வர்றேன். ஃபிலிமை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்த டாக்டர் ரெண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இது உங்க கூடவே கிடக்குற ஹீமாஞ்சியோமா, ஒண்ணும் பண்ணாது. வலி இங்கேருந்து வருது." அவர் ரெண்டாவதாத் தொட்டது கீழே, எல்4-எல்5 டிஸ்க். மாத்திரை, பயிற்சி, அரை மணிக்கு ஒருதடவை எழுந்து நடக்கணும்னு சொல்லி அனுப்பினார். திரும்பி வர்ற பஸ்ல பெரியம்மா கேட்டாங்க: "அரை மணிக்கு ஒருதடவ எந்திச்சா, ஆயிரம் பீடி எப்படில சுத்துறது?"

ரிப்போர்ட் இப்போ ரேஷன் கார்டோட சேர்ந்து பீரோவுல இருக்கு. பின்னாடி எப்பவாவது ஸ்கேன் எடுத்தா ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.