விருந்தும் அடுக்களை ஒழுங்கும்

பொங்கலை ஒட்டி முதல்நாள் அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலும் சல்லிக்கட்டு நிகழ்தல் மரபு. வாடிவாசலையும் காளைகளையும் புகழ்ந்து எழுதுவோர் பலர். அன்று அலங்காநல்லூரில் உற்றார்க்கும் நண்பர்க்கும் உணவு சமைக்க எரியும் அடுப்புகளைக் குறித்து எழுதுவோர் மிகச் சிலரே. ஆதலின் அதுபற்றிச் சில கூற யாம் துணிந்தோம்.

விருந்தோம்பல் அவ்வூர்க்குப் புதிதன்று. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் சல்லிக்கட்டுத் தடையை நீக்கவேண்டி ஆங்குத் திரண்ட இளைஞர்க்கு ஊரார் உணவளித்துப் பேணினர். ஆயினும் விருந்தின் சுமை எவர் தோளில் ஏறுகின்றது என்பதே எம் வினா. காளை பாயுங்கால் மாடியில் நிற்போர் ஆரவாரிக்கின்றனர். குழம்பைக் கிளறும் தாயோ அவ்வாரவாரத்தைச் செவியால் மட்டுமே துய்க்கின்றாள். என்னை காரணம்? வேலை மிகுதி மட்டுமன்று. அது முறைப்படாமையும் பங்கிடப்படாமையுமேயாம்.

வினைசெயல்வகை கூறவந்த வள்ளுவனார் காலம், இடம், பொருள், கருவி, வினை என்னும் ஐந்தனையும் ஐயமற ஆராய்தல் வேண்டுமென்றார். அமைச்சர்க்கு உரைத்த இம்முறை அடுக்களைக்கும் பொருந்தும்.

முதலாவது பொருள். அன்று தெருக்களில் தடுப்புகள் நிற்கும், கூட்டம் நெருங்கும், மறந்துபோன புளியை வாங்கிவருதல் எளிதன்று. ஆதலின் வேண்டுவனவற்றை முன்னரே எழுதிவைத்து வாங்குதல் நன்று. அடுத்தது காலம். மசாலா வறுத்து அரைத்தல், சின்ன வெங்காயம் உரித்தல் ஆகியவற்றை முதல்நாள் மாலையே முடித்துவிடலாம். தேங்காய் விரைவிற் கெடுமாதலின் அதனைக் காலையில் அரைத்தலே தக்கது. ஆட்டுக்கறி வேக நெடும்பொழுது ஆகுமாதலின் அதனை முதலில் அடுப்பேற்றுக. சோற்றைப் பின்னர் வடிக்க. அப்பளத்தை இலைபோடும் பொழுதே பொரிக்க. இடமும் கருவியும் ஒருங்கே எண்ணத்தக்கன. பச்சைக்கறி நறுக்கும் பலகையும் கத்தியும் காய்கறிக்கு ஆகா. பயன்படுத்திய பாத்திரத்தை அவ்வப்போதே கழுவினால் இடுக்கிய அடுக்களையும் விரிந்ததுபோல் தோன்றும்.

ஐந்தாவதாகிய வினையே தலையாயது. இன்ன வேலை இன்னார்க்கு என முன்னிரவே வகுத்தல் வேண்டும். “இவ்வொழுங்கெல்லாம் பெண்டிர்க்கு இயல்பாகவே வரும், ஆடவர் புகுந்தால் குழப்பமே மிகும்” என்பார் உளர். அது பொருந்தாது. விடுதி விழாவில் நூற்றுவர்க்குப் பந்தி பரிமாறும் மாணாக்கர், தம் இல்லத்தில் பத்துப்பேர்க்கு இலைபோட அறியாரோ? வெங்காயம் உரித்தற்கும், நீர் முகந்து வைத்தற்கும், பாத்திரம் துலக்குதற்கும் ஆண்மை தடையாகாது. ஏறுதழுவும் கைகட்கு அகப்பை பாரமுமாகாது.

விருந்தினர் வயிறு நிறைதல் மட்டும் விருந்தாகாது. சமைத்தவரும் உடனமர்ந்து உண்டு, ஒரு காளையேனும் பாய்வதைக் கண்ணாரக் காணுமாறு செய்தலே ஒழுங்கின் பயன். தோழர்காள்! வருந் தைத்திங்களில் நம் இல்லங்களில் ஒவ்வொருவரும் ஒரு வேலையையேனும் ஏற்போமாக.